கடல் சாமந்தியைக் கடைசியில் வாங்குங்கள்

என் வீட்டுத் தொட்டியில் இரண்டு கடல் சாமந்திகள் செத்துப்போயின. பூப்போல இழைகளை விரித்திருக்கும் இவை செடியல்ல, கடல்வாழ் விலங்குகள். முதலாவது ஒன்பது நாள் இருந்தது. இரண்டாவது ஐந்து வாரம் தாக்குப்பிடித்து, ஓர் இரவில் நகர்ந்து போய் பம்புக்குள் சிக்கிச் சிதைந்தது. மூன்றாவது இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறது. ஒரு முறை தானாகவே இரண்டாகப் பிரிந்தும் விட்டது. இடைப்பட்ட காலத்தில் கற்றதையெல்லாம் யாராவது முன்பே சொல்லியிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், இரண்டு உயிர்களும் பிழைத்திருக்கும். சென்னை போன்ற வெக்கையான ஊரில், அடுக்குமாடி வீட்டில், முதன்முறையாகக் கடல் தொட்டி வைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கடையில் போய் 'அனிமோன்' என்று கேளுங்கள். கடல் சாமந்தி என்றால் பூக்கடைக்கு வழி சொல்லிவிடுவார்கள்.

1. எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

புதியவர்களுக்கு ஒரே ஒரு வகையைத்தான் சொல்வேன்: இழைகளின் நுனி சிறு குமிழ்போல் உப்பியிருக்கும் 'பபுள் டிப்'. வீட்டுத் தொட்டிக்கு ஓரளவு பழகிக்கொள்ளும். பாறை இடுக்கில் அடிப்பாதத்தைப் பதித்துக்கொண்டு இழைகளை மட்டும் வெளியே விரித்திருக்கும். சில நேரம் அந்தக் குமிழ்கள் மறைந்து இழைகள் நீண்டு மெலிந்துவிடும். அது நோய் அல்ல; குமிழ் ஏன் வருகிறது, ஏன் போகிறது என்று ஆராய்ந்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

கடைக்காரர் 'கார்ப்பெட்' வகையைக் காட்டி ஆசை மூட்டுவார். விரிப்புப் போல அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது அரை மீட்டருக்கு மேல் விரியும், ஆழமான மணல் படுகை கேட்கும், பக்கத்தில் தூங்கும் மீனைப் பிடித்து விழுங்கவும் செய்யும். 'மேக்னிஃபிகா' வகையும் மிகப் பெரிது; கடுமையான ஒளியும் வலுவான நீரோட்டமும் இல்லாவிட்டால் தொட்டி முழுக்க அலைந்துகொண்டே இருக்கும். இரண்டும் பின்னாளில் பார்த்துக்கொள்ள வேண்டியவை.

2. சாமந்தியின் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

என் சாமந்தி 3,500 ரூபாய். அது உயிரோடு இருக்கச் செய்த ஏற்பாடு ஒரு லட்சத்தைத் தாண்டியது. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி, அதாவது சுமார் 190 லிட்டர், இரும்பு ஸ்டாண்டுடன் 16,000. விளக்கு 14,000. கழிவை நுரையாக்கி நீக்கும் ஸ்கிம்மர் 9,000. பாறையும் மணலும் 11,500. அலை உண்டாக்கும் இரண்டு வேவ்மேக்கர்கள் 5,000. தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி 6,500. சோதனைக் கருவிகளும் உப்பு மூட்டையும் 11,300. எல்லாவற்றையும் விட அதிகம் விழுங்கியது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்: 32,000. நான் வாங்கியபோது இருந்த விலைகள் இவை. உங்கள் ஊரில் ஏறவோ இறங்கவோ செய்யும். எதற்கு எவ்வளவு பங்கு போகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

இதைவிடச் சிறிய தொட்டி மலிவாக முடியுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். 60 லிட்டர் தொட்டியில் ஒரு நாள் நீராவியாகும் தண்ணீரே உப்பளவைத் தூக்கிவிடும். தண்ணீர் எவ்வளவு அதிகமோ, தவறு செய்துவிட்டுத் திருத்திக்கொள்ள அவ்வளவு அவகாசம் கிடைக்கும். தண்ணீரும் பாறையும் கண்ணாடியும் சேர்ந்து 250 கிலோவைத் தாண்டும் என்பதால், தொட்டியைச் சுவரை ஒட்டி வையுங்கள்; கூடத்தின் நடுவில் வேண்டாம்.

மின்கட்டணத்தையும் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். 250 வாட் சில்லர் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 150 யூனிட். விளக்கும் பம்புகளும் தனி. தமிழ்நாட்டில் இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். என் வீட்டில் முதல் கோடைக்கால பில் வந்த அன்று சாப்பாட்டு மேசையில் நிலவிய அமைதியை இங்கே விவரிக்கப் போவதில்லை.

3. தண்ணீரைச் சரிசெய்யுங்கள்

முதல் சாமந்தியைக் கொன்றதில் பெரும்பங்கு என் சமையலறை ஆர்.ஓ. கருவிக்கு உண்டு. ஆர்.ஓ. தண்ணீர்தானே என்று அதையே பிடித்து உப்புக் கலந்தேன். குடிநீர்க் கருவிகள் பல, சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பவும் சேர்க்கின்றன. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மானியை வைத்துப் பார்த்தபோது 70 காட்டியது. கடல் தொட்டிக்கு வேண்டியது பூஜ்யம். என் கட்டட போர் தண்ணீரில் டி.டி.எஸ். 1,100. ஆர்.ஓ. மட்டும் அதைப் பூஜ்யமாக்காது; அதன் பின்னால் மிச்சமிருக்கும் உப்புகளை உறிஞ்சும் டி.ஐ. என்ற பிசின் குழாய் ஒன்று வேண்டும். மானி 2, 3 என்று ஏறத் தொடங்கியதும் பிசினை மாற்றிவிடுங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று நான்கு லிட்டர் கழிவு நீர் வெளியேறும். அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம். செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பு கூடியிருக்கும்.

கடற்கரை பக்கத்தில்தானே இருக்கிறது, கேனில் மொண்டு வரலாமே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். கூவமும் அடையாறும் கலக்கும் கரையோரத்துத் தண்ணீரை நான் நம்பமாட்டேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரின் உப்பளவும் இறங்கிவிடும். மூட்டை உப்பே நிம்மதி.

உப்பைத் தனி டிரம்மில் கலக்குங்கள், தொட்டிக்குள் நேரடியாகக் கொட்டாதீர்கள். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை ஆகும். சிறு பம்ப் ஒன்றைப் போட்டு ஒரு நாள் ஓடவிட்ட பிறகே பயன்படுத்துங்கள். இலக்கு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது அடர்த்தி எண் 1.026. அளக்க, ஒரு சொட்டு நீரில் ஒளி வளைவதை வைத்து உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பி மூன்று மாதம் 1.022-இல் ஓட்டியவன் நான்; அது 1.025 என்றே காட்டிக்கொண்டிருந்தது. ரிஃப்ராக்டோமீட்டரையும் 35 பி.பி.டி. அளவுத் திரவம் விட்டு மாதம் ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆவியாகும்போது தண்ணீர்தான் போகிறது, உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. ஆகவே குறைந்த அளவை நிரப்ப உப்பில்லாத சுத்த நீரைத்தான் ஊற்ற வேண்டும். கோடையில் என் தொட்டியில் நாளுக்கு நான்கு லிட்டர் குறையும். ஐந்து நாள் ஊற்றாமல் விட்டால் 20 லிட்டர்; 35 ஆக இருந்த உப்பளவு 39 ஆகிவிடும். மீன் சமாளித்துவிடும், சாமந்தி சுருங்கிவிடும்.

4. ஆறு மாதம் காத்திருங்கள்

புதிய தொட்டியில் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடைக்காரர்கள் அந்தக் கட்டத்திலேயே 'தொட்டி ரெடி சார்' என்பார்கள். மீனுக்கு ரெடி. சாமந்திக்கு அல்ல. அளவுகள் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்காமல் நிற்க ஆறு மாதமாவது ஆகும். ஓராண்டு பொறுத்தால் இன்னும் நல்லது. நான் ஏழாவது வாரத்தில் வாங்கினேன். ஒன்பது நாள் கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

காத்திருக்கும் காலத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு ஞாயிறுதோறும் எழுதுங்கள்: வெப்பம், உப்பளவு, நைட்ரேட், காரத்தன்மை. வெப்பம் 25 முதல் 27 டிகிரி, பி.எச். 8.1 முதல் 8.4, காரத்தன்மை 8 முதல் 10 டி.கே.எச். (காரத்தன்மையின் அலகு), நைட்ரேட் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவில் இருந்தால் போதும். எண்களைத் துரத்த வேண்டாம். தொடர்ந்து எட்டு வாரம் ஒரே மாதிரி எழுத முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். முடிந்தால் கடைக்குப் போகலாம்.

இந்த மாதங்களில் மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால், செம்பு கலந்த மருந்தைத் தொட்டியில் விடாதீர்கள். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள். செம்பு பாறையிலும், கண்ணாடியை ஒட்டியிருக்கும் சிலிகோன் பசையிலும் ஒட்டிக்கொண்டு பிறகு மெல்லக் கசியும். சாமந்திக்கு அது விஷம். இரண்டாம் கைத் தொட்டி வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

5. வெயிலுக்கும் மின்வெட்டுக்கும் ஏற்பாடு செய்யுங்கள்

மே மாதம் மூடிய அறை 34 டிகிரியைத் தொடும். தண்ணீர் 30-ஐத் தாண்டினால் சாமந்தியின் உடலுக்குள் வாழ்ந்து உணவு தயாரித்துக் கொடுக்கும் நுண்பாசிகள் வெளியேறத் தொடங்கும், சாமந்தி வெளுத்துப்போகும். மேற்பரப்பில் மின்விசிறி வைத்தால் இரண்டு டிகிரி இறங்கும், ஆனால் சென்னையின் புழுக்கத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. சில்லர் தவிர்க்க முடியாத செலவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். அது வெளியேற்றும் வெப்பம் அங்கேயே சுழன்று, சில்லர் நிற்காமல் ஓடும். ஹீட்டர் இந்த ஊரில் பெரும்பாலும் தேவைப்படாது.

மின்வெட்டில் முதலில் தீர்வது ஆக்சிஜன். வீட்டு இன்வெர்ட்டரில் ஒரு வேவ்மேக்கரை மட்டும் இணைத்துவிடுங்கள். பத்து வாட்டுக்கும் குறைவுதான். கையிருப்புக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று, சில நூறு ரூபாய். புயல் எச்சரிக்கை வரும் நவம்பர், டிசம்பரில் அதன் பேட்டரியை மாற்றி வைப்பது என் வழக்கம்.

6. பம்புகளுக்கு மூடி போடுங்கள்

சாமந்தி வாங்கிய பிறகு செய்துகொள்ளலாம் என்று நான் தள்ளிப்போட்ட வேலை இது. காலை ஆறரைக்கு விளக்கைப் போட்டபோது தண்ணீர் கஞ்சி போல் கலங்கியிருந்தது. பம்பின் வாயில் பாதி உடல், மறுபக்கம் சிவந்த துணுக்குகள். தொட்டியின் மேல்மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் கூடத்தை நிறைத்தது. அன்று 60 லிட்டர் மாற்றி, கரித்துண்டுப் பை போட்டும் ஒரு மீனைக் காப்பாற்ற முடியவில்லை.

சாமந்திக்குக் கால் உண்டு என்பதை மறக்காதீர்கள். இடம் பிடிக்காவிட்டால் இரவில் நகரும். வேவ்மேக்கரைச் சுற்றித் துளை பெரிதான ஸ்பாஞ்சோ வலையோ கட்டுங்கள். வாரம் ஒரு முறை கழுவாவிட்டால் அடைத்து, ஓட்டம் குறையும். வடிகால் குழாயின் வாயையும் மறக்காதீர்கள்.

7. கடையில் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும்

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஞாயிறு கூட்டத்தில் போய் அவசரமாக வாங்காதீர்கள். வார நாளில் போனால் நின்று பார்க்கலாம், கேள்விக்குப் பதிலும் கிடைக்கும். வாய் இறுக மூடியிருக்க வேண்டும். பிளந்து, உள்ளே உள்ளது பிதுங்கி நின்றால் திரும்பி வந்துவிடுங்கள். அடிப்பாதம் கிழிந்திருக்கக் கூடாது. கண்ணாடியிலோ பாறையிலோ ஒட்டிக்கொண்டிருப்பது நல்ல அறிகுறி. கடைக்காரரை ஒரு துண்டு உணவு போடச் சொல்லுங்கள், இழைகள் ஒட்டிப் பிடிக்கின்றனவா என்று தெரியும். தூய வெள்ளை நிறச் சாமந்தி அபூர்வ வகை அல்ல, வெளுத்துப்போன நோயாளி. கண்ணைப் பறிக்கும் மஞ்சளும் ஊதாவும் சாயமாக இருக்கலாம்.

வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். நேற்று வந்தது என்றால் முன்பணம் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் கடையிலேயே விட்டுவையுங்கள். அங்கே சாகவேண்டியது உங்கள் வீட்டில் வந்து சாகவேண்டாம்.

பில் வாங்குங்கள். அதில் உயிரினத்தின் பெயரும் எண்ணிக்கையும் தேதியும் இருக்கட்டும், எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி எதையும் எடுப்பது சட்டவிரோதம். 'ராமேஸ்வரம் சரக்கு, பில் இல்லை' என்று மலிவாகத் தருகிறவரிடம் வாங்காதீர்கள். அதே கடையில் கூடவே பவளத் துண்டையோ கடல் விசிறியையோ நீட்டினால் இன்னும் கவனம். பாறை கட்டும் பவளங்கள், கரும்பவளம், கடல் விசிறி ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உயிரற்ற துண்டாக இருந்தாலும் விலக்கு இல்லை. மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை வரை போகும் விஷயம். தொட்டிக்குப் பீங்கான் பாறையோ சிமென்டில் செய்த செயற்கைப் பாறையோ போதும். நான் அதைத்தான் போட்டிருக்கிறேன். ஓராண்டில் பாசி படிந்து, இயற்கைப் பாறையிலிருந்து வேறுபாடு தெரியவில்லை.

சாமந்தியின் இழைகளுக்குள் தங்கி வாழும் கோமாளி மீன் வேண்டுமென்றால் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்ததைக் கேளுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதற்கான முறையை உருவாக்கி, இங்கேயே அவை வளர்க்கப்படுகின்றன. ஆனால் சாமந்திக்குக் கோமாளி மீன் கட்டாயமில்லை. இரண்டையும் ஒன்றாக வாங்கிவந்து அன்று மாலையே மீன் போய் நடுவில் படுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். என் மீன் நான்கு மாதம் வடிகட்டியின் மூலையில்தான் தூங்கியது.

8. வீட்டுக்குக் கொண்டுவரும் நாள்

காலையில் வாங்குங்கள், வெயிலுக்கு முன் வீடு சேருங்கள். தெர்மாகோல் பெட்டி எடுத்துப் போங்கள். கடைத் தொட்டியில் ஒட்டியிருப்பதைப் பிய்த்து எடுக்க விடாதீர்கள். ஒட்டியிருக்கும் சிறு பாறையோடு தரச் சொல்லுங்கள், பாறைக்கும் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

பையை அரை மணி நேரம் மிதக்கவிடுங்கள். பிறகு வாளிக்கு மாற்றி, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக உங்கள் தொட்டி நீரை ஒரு மணி நேரம் இறக்குங்கள். கடைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்க்காதீர்கள். பம்புகளை நிறுத்திவிட்டு, பாறை இடுக்கருகே அடிப்பாதம் படும்படி வையுங்கள். பிடித்துக்கொண்டதும் பம்பை மெல்ல ஓடவிடலாம். அன்று விளக்கை மங்கலாக்கி, பத்து நாளில் முழு ஒளிக்குக் கொண்டுவாருங்கள்.

கையுறை போடுங்கள். சிலருக்கு அதன் கொடுக்குச் செல்கள் தோலைத் தடிக்க வைக்கும். கையுறை இல்லையென்றால் சோப்பு, கிரீம் எதுவும் இல்லாத கை.

முதல் வாரம் அது நகரும், சுருங்கும், பழுப்பு நூல்போல் எதையாவது துப்பும். நீங்கள் கை வைக்காதீர்கள். இடம் மாற்றி மாற்றி வைத்துத்தான் முதலாவதை நான் களைப்படைய வைத்தேன்.

9. உணவு

நல்ல ஒளி இருந்தால் பெரும்பகுதி உணவு நுண்பாசிகளிடமிருந்தே கிடைத்துவிடும். வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை, பச்சை இறாலில் சுண்டுவிரல் நகத்தளவு துண்டு ஒன்று போதும். மீன் மார்க்கெட் இறாலே நல்லது. சுத்த நீரில் கழுவி, துண்டு போட்டு, உறையவைத்து எடுத்துக்கொள்ளலாம். மசாலாவோ மஞ்சளோ பட்ட கத்தி, பலகை வேண்டாம்.

நீண்ட இடுக்கியால் இழைகளின் மேல் வையுங்கள். முதலில் இரண்டு இழைகள் ஒட்டும்; பிறகு சுற்றியுள்ளவை ஒவ்வொன்றாக வளைந்து மூடும்; ஐந்து பத்து நிமிடத்தில் துண்டு நடுவாய்க்குப் போய்ச் சேரும். பெரிய துண்டாகப் போட்டால் வாங்கிக்கொள்ளும், மறுநாள் வெள்ளைச் சளியாக வெளியே தள்ளும். அது செரித்த உணவல்ல, நீங்கள் சுத்தம் செய்ய வேண்டிய குப்பை. இறால் துண்டைக் கோமாளி மீனோ, தொட்டியில் வாழும் தூய்மைப்படுத்தும் இறாலோ பிடுங்கிக்கொண்டு போகும். பாதி அறுத்த பிளாஸ்டிக் பாட்டிலை அரைமணி நேரம் மேலே கவிழ்த்து வைத்தால் சாமந்தி நிம்மதியாகச் சாப்பிடும்.

10. எப்போது பயப்பட வேண்டும்

ஒரு நாள் சுருங்கிக் கிடந்தால் பயப்பட வேண்டாம், கழிவைத் தள்ளுகிறது. நாள்தோறும் சுருங்கி விரிந்துகொண்டே இருந்தால் உப்பளவையும் வெப்பத்தையும் அளங்கள். பத்தில் எட்டு முறை குறை அங்கேதான் இருந்தது, குறைந்தபட்சம் என் நோட்டுப் புத்தகத்தின்படி. வாய் பிளந்து பல மணி நேரம் மூடாமல் இருந்தால், உடல் கிழிந்து நூலாகக் கரைந்தால், மூக்கைத் தண்ணீரருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். அழுகல் வாடை இருந்தால் முடிந்துவிட்டது. அந்த நிமிடமே எடுத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். 'நாளை பார்க்கலாம்' என்றால் நாளை மீன்களையும் எடுக்க வேண்டிவரும்.

இரண்டாகப் பிரிவதும் நடக்கும். நன்றாக வளர்ந்தும் பிரியும், துன்பப்பட்டும் பிரியும். அளவுகள் சரியாக இருந்தால் இரண்டு வாரம் உணவு கொடுக்காமல் விட்டுவிடுங்கள். புதிய வாய் உருவாக வேண்டும்.

11. ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போவதென்றால், உணவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரு வாரம் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. ஆவியாகும் தண்ணீர்தான் கவலை. தானாக நிரப்பும் கருவி இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுங்கள். கண்ணாடியின் மேல் மார்க்கரால் ஒரு கோடு இழுத்து, 'இதுவரை ஊற்றவும், நீலக் கேனில் இருந்து மட்டும்' என்று எழுதி ஒட்டுங்கள். உப்புக் கலந்த வெள்ளைக் கேனை உள்ளறையில் பூட்டுங்கள். மீன் உணவு டப்பாவையும் கூடவே பூட்டிவிடுங்கள். என் பக்கத்து வீட்டு மாமிக்குத் தாராள மனம்.